நகரா நிற்காது

வாளுக்குப் பட்டு வேட்டி கட்டி விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை உட்கார வேண்டிய மணையில் நெல்லைக் குவித்து, அதில் வாளை உறையோடு குத்தி நிறுத்தி, பிடியில் சின்னத் தலைப்பாகை சுற்றி, சந்தனம் பூசி, மாலையும் போட்டாயிற்று. மாலையின் கனம் தாங்காமல் அது மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஓடி வந்து, துரையைத் தொடுகிற பயத்தோடு, இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தினார். தம்பியும் இப்படித்தான், நிறுத்தினால் சாய்வான் என்று தெய்வநாயகி நாச்சியார் நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அரண்மனைக்காரிக்குத் தம்பி கல்யாணத்தில் கண் கலங்குகிறது என்று கீழக்குடிப் பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ளட்டும். மாவிலங்கோட்டைத் துரைகள் சின்ன இடத்தில் பெண் எடுத்தால் நேரில் போக மாட்டார்கள், வாள்தான் போகும். துரையோடு பிறந்தவள், கழுத்தில் தாலியோடு இருக்கிறவள், பின்னாலேயே பல்லக்கில் போய் வாளுக்குப் பதிலாகத் தாலி கட்டுவாள். அது ஒரு பெருமை. எல்லாருக்கும் பெருமை. சீமை ராணியின் ஆட்கள் கோட்டையில் இருந்த ஈட்டி, வளரி, துப்பாக்கி எல்லாவற்றையும் வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனபோது, இது சண்டைக்கு இல்லை, கல்யாணத்துக்கு என்று கெஞ்சித்தான் இந்த ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து யாரும் இதை உறையை விட்டு உருவியதில்லை. இனி உருவவும் வராது, உள்ளேயே துருப்பிடித்து ஒட்டிப்போய்விட்டது. வெளியே மட்டும் சந்தனம் மணந்தது.

சந்தன வாசனை வந்தாலே இப்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தம்பி கிடந்த அறையில் நாற்றம் தெரியக்கூடாது என்று சுவரெல்லாம் சந்தனம்தான் தெளித்தார்கள். அடியில் அந்த வேறு வாசனை இருந்துகொண்டேதான் இருந்தது. உடம்பு மஞ்சள் பாய்ந்து, வயிறு மட்டும் பானை போல உப்பி, சங்கிலித் துரை என்று ஊர் நடுங்கிய பெயருக்குச் சொந்தக்காரன் ஈரத் துணியில் நனைத்த பாலை உறிஞ்சிக்கொண்டு கிடந்தான். பிராந்திப் புட்டிகளைச் சீமையிலிருந்து தருவித்துக் கொடுத்தவர்கள் யாரும் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. முந்தாநாள் சாயங்காலம் மேளக்காரர்கள் கோட்டை வாசலில் ஒத்திகை பார்த்தபோது அவன் கண்ணைத் திறந்தான். "யாருக்குக்கா கல்யாணம்?" என்று கேட்டான். "ஒனக்குத்தான்டா" என்றாள். விளையாட்டாகச் சொன்னது போலத்தான் சொன்னாள். அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, "பாவம்க்கா" என்றான். யார் பாவம் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாம். யாரடா பாவம், நீயா, நானா, முகம் தெரியாத அந்தப் பிள்ளையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துணியைப் பாலில் தோய்த்து அவன் வாயில் வைத்துவிட்டாள். பால் கடைவாய் வழியே வழிந்தது. பாவம்க்கா. இன்று பொழுது விடிந்ததிலிருந்து அந்தச் சொல் செருப்பில் சிக்கிய முள் போல அடி வைக்கும்போதெல்லாம் குத்தியது. பல்லக்கு ஏறும் முன்னால் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். கோட்டை நிர்வாகம் பார்க்கும் பிரதானி சங்கரலிங்கம் பிள்ளை அறை வாசலிலேயே நின்றிருந்தார். தலை நனைந்து, நெற்றியில் திருநீறு பளிச்சென்று. "துரை இப்பத்தான் கண்ணசந்தாக. எழுப்ப வேண்டாம் நாச்சியார், முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றார். சரி என்று திரும்பிவிட்டாள். நல்ல காரியத்துக்குப் போகிறவள், தூங்குகிறவனை எழுப்பி என்ன ஆகப்போகிறது.

பிரதானி நல்லவர்தான். நல்லவர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். மூத்த ராணி பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்த பிறகு துரை வேறு பெண்ணைக் கட்டவில்லை. கட்டச் சொன்னால் புட்டியைத் திறந்தான். இப்போது துரைக்கு ஒன்று ஆகிவிட்டால், தத்தெடுக்க வீட்டில் ஒரு மனைவி வேண்டும். மனைவி இருந்தால் அவள் மடியில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, கலெக்டர் துரையிடம் காட்டி, பட்டத்தை நிறுத்திவிடலாம். இல்லாவிட்டால் மேலக்கோட்டைப் பங்காளிகள் மறுநாளே பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். "நமக்கு ஒரு பொண்டாட்டி வேணும் நாச்சியார், புருஷன் இருக்கானா இல்லையாங்கிறது அப்புறம்" என்று பிரதானி கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியவள்தான். பொத்திக்கொள்ளவில்லை. மேலக்கோட்டைக்காரர்கள் வந்தால் தன் கதி என்ன என்றுதான் நெஞ்சு முதலில் கேட்டது. அவளுக்குக் கோட்டையில் ஓர் அறை உண்டு. கண்மாயைப் பார்த்த சன்னல், சன்னலடியில் ஒரு பலகை, அவ்வளவுதான் அவள் ராச்சியம். அதில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி பத்துப் பதினைந்து வருசத்தைத் தள்ளிவிட்டாள். அவளையும் இப்படி ஒரு வாளுக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள், கிழக்கே ஒரு பாளையத்துக்கு. தாலி கட்டிய நாத்தனார் முகம்கூட அவளுக்கு நினைவில்லை, பின்னாலிருந்து வந்த வெற்றிலை வாசனை மட்டும் ஞாபகம். போன பிறகுதான் தெரிந்தது, அந்த வாளுக்கு ஏற்கெனவே அங்கே நிறையப் பெண்டாட்டிகள். வாளை வைத்திருந்த மனுசனை ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்த்து, இது எந்த ஊரிலிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். அப்பா செத்த துக்கத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை, யாரும் அழைக்கவும் வரவில்லை. ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான், கல்லுப் போல இருக்கிறானாம். அதனால் அவள் சுமங்கலி. அதனால் இன்றைக்கு இந்த மணவறையில் அவள் இல்லாமல் ஆகாது. துரையோடு பிறந்தவர்களில் தாலியோடு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். அவள் முடியாது என்று எழுந்தால் இந்தக் கல்யாணம் இந்த நெல் குவியலோடு நின்றுவிடும். வாழாத வாழ்க்கைக்கு இப்படி ஓர் உபயோகம் வந்தது.

பெண்ணைக் கொண்டு வந்து வாளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வேலாயி என்று பெயர். பதினாறு இருக்கும். தலை குனிந்திருந்ததால் உச்சி வகிடும், மூக்கு நுனியும், மடியில் கோத்த கைகளும்தான் தெரிந்தன. மருதாணி போட்ட கை. நகத்துக்குள் மட்டும் மருதாணிக்கு அடங்காத மண் கறுப்பு. நாற்று நட்ட கை இது. அரண்மனைக்கு வந்தால் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், பிறகு செய்ய ஒரு வேலையும் இருக்காது, பார்க்க ஒரு கண்மாய் இருக்கும். பெண்ணின் தாய் குனிந்து தெய்வநாயகியின் காதோரம், "எம்மக வாயில்லாப் பூச்சி நாச்சியாரே. நீங்கதேன் அவளுக்கு ஆத்தா. துரை கோவக்காரவுகன்னு சொல்லுறாக. ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னாலும் இது தாங்காது" என்றாள். துரை ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார் தாயே, பயப்படாதே, என்று வாய் வரை வந்துவிட்டது. "நான் பாத்துக்கிறேன்" என்றாள். எதைப் பார்த்துக்கொள்வாள்? வெள்ளைச் சேலை கட்டிவிடுவதைப் பார்த்துக்கொள்வாள். இந்த உச்சி வகிட்டுக் குங்குமத்தைத் துடைக்கும்போது கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்வாள். கொலு மண்டபத்தில் சீமை மகாராணியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கறுப்பு உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, முகத்தில் ஒரு சிரிப்பும் கிடையாது. புருஷன் செத்த நாளிலிருந்து அந்த அம்மாள் கறுப்பைத் தவிர வேறு உடுத்துவதில்லையாம். பாவம் என்று ஊரே சொன்னது. என்ன பாவம்? தாலியறுத்தவள் முகத்தை ரூபாயில் அச்சடித்து, கல்யாணத் தட்டில் வெற்றிலை மேல் வைத்து எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். இதோ இந்தத் தட்டிலும் இருக்கிறாள். இங்கே ஒருத்திக்குத் தாலி அறுந்தால் அவள் இந்தத் தட்டு இருக்கும் பக்கம் தலையைக்கூட நீட்ட முடியாது. அந்த அம்மாளுக்கு ஒருவனைக் கண்ணால் பார்த்து, பிடித்து, கட்டிக்கொண்டு, பிள்ளைகள் பெற்று, அப்புறம்தான் துக்கம் வந்தது. துக்கப்படவாவது அவளுக்கு ஒரு முகம் இருந்தது. இந்தப் பிள்ளை எந்த முகத்தை நினைத்து அழும்? வாளின் தலைப்பாகையை நினைத்தா? வேலாயி ஓரக்கண்ணால் வாளை ஒரு தரம் பார்ப்பதைத் தெய்வநாயகி பார்த்தாள். வெட்கம். நிஜமான வெட்கம். அந்தத் துருப்பிடித்த இரும்பைப் பார்த்து அந்தப் பெண்ணின் கழுத்து வரை சிவந்திருந்தது.

தாலியைத் தட்டில் வைத்துச் சபை முழுக்கச் சுற்றி எடுத்து வந்தார்கள். ஐயர் அவசரப்பட்டார். மேளம் காதைக் கிழித்தது. அப்போதுதான் அவளுக்குக் காலை நகரா நினைவு வந்தது. கண்மாய்க்கு அக்கரையில் கோட்டை, இக்கரையில் கீழக்குடி. பொழுது பனைமர உயரம் ஏறியதும் கோட்டை வாசல் மேல் மாடத்தில் நகரா முரசு அடிக்கும், தண்ணீர் மேல் தவழ்ந்து இங்கே வரைக்கும் வரும். துரை இருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. துரை கண்ணை மூடினால் நகரா நின்றுவிடும், அடுத்த துரைக்குப் பட்டம் கட்டும் வரை குச்சி அதன் மேல் படக்கூடாது. அப்பா செத்த அன்று அப்படித்தான், நேரம் வந்தது, நகரா வரவில்லை, ஊரில் அவரவர் செய்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து நின்றார்களாம். தாலி அவள் கைக்கு வந்தது. மஞ்சள் கயிறு ஈரமாக, குளிர்ந்து இருந்தது. தம்பி இருந்தால் கட்டலாம். இருக்கிறவனுக்குக் கட்டுவது ஒன்றும் பாவமில்லை, எத்தனை சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடியிருக்கிறார்கள். நகரா கேட்டால் கட்டுவேன். கேட்காவிட்டால் இதைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன், அறையும் வேண்டாம் சன்னலும் வேண்டாம், சத்தியமாக எழுந்துவிடுவேன். "மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். பந்தல் சட்டென்று அடங்கியது. பெண்ணின் தகப்பன் உடையணத் தேவர் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன குத்தம் நாச்சியாரே? எங்க பக்கம் ஏதும் தப்பு நடந்துபோச்சா?" என்றார். "குத்தம் ஒண்ணுமில்லை. அரண்மனை நகரா கேட்டுத்தான் துரை கட்டுற தாலி ஏறணும். அதுதான் முறை" என்றாள். அப்படி ஒரு முறை எந்தக் காலத்திலும் கிடையாது. ஆனால் அரண்மனைக்காரி வாயிலிருந்து வந்தால் முறைதான். பெரியவர்கள் இரண்டு பேர், தங்கள் பாட்டன் காலத்திலும் அப்படித்தான் என்று தலையாட்டக்கூடச் செய்தார்கள். "முகூர்த்தம் தாண்டுது அம்மா" என்றார் ஐயர். "தாண்டட்டும்" என்றாள்.

எல்லாரும் அக்கரையைப் பார்த்துக் காது கொடுத்தார்கள். கண்மாயில் நாரை ஒன்று இறங்கியது. யாரோ ஒரு குழந்தை சிணுங்க, தாய் அதன் வாயை மார்பில் அழுத்தினாள். காற்று வந்தது, பந்தலில் கட்டிய குலை வாழை சரசரத்தது, காற்று போயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. வரவில்லை. தம்பி, வரவில்லையேடா. எழுந்திரு, எழுந்திருடி, சத்தியம் பண்ணினாயே என்று உள்ளே ஒன்று அதட்டியது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இன்னொன்று கெஞ்சியது. கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். அப்போது வந்தது. தண்ணீர் மேல் தவழ்ந்து, அடிவயிற்றில் மோதுகிற மாதிரி, ஒன்று, பிறகு ஒன்று, பிறகு விடாமல். பந்தல் முழுக்க ஒரு மூச்சு விட்டது. "துரை நகரா!" என்று உடையணத் தேவர் கத்தியே விட்டார், "நம்ம துரை நகரா! எல்லாருக்கும் கேட்டுச்சாய்யா, எம்மகளுக்குத் துரையே வாழ்த்துச் சொல்லுறாக!" கிழவிகள் குலவையிட்டார்கள். தெய்வநாயகிக்குக் கண்ணீர் கரகரவென்று வந்தது. இருக்கிறான். கடன்காரப் பயல், இருக்கிறான். வீட்டுக்குப் போனதும் யாரடா பாவம் என்று அவனைக் கேட்டுவிட வேண்டும். கயிற்றை இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

பல்லக்கின் திரையை இழுத்துவிடும்போது பிரதானி ஒரு வார்த்தை சொன்னார். அவள் கேட்காமலே சொன்னார். "நகரா நிக்காது நாச்சியார். கவலைப்படாமப் போயிட்டு வாங்க." அப்போது அது ஆறுதலாக இருந்தது. துரைக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. துரை பிழைச்சுக்குவாக என்று சொல்லவில்லை. நகரா நிக்காது. தலை நனைந்திருந்தது அவருக்கு, விடிந்தும் விடியாததுமாய். நல்ல காரியத்துக்குத் தலை முழுகியிருப்பார் என்று நினைத்தாளா? எண்ணெய் இல்லை, சீயக்காய் வாசனை இல்லை, அள்ளி ஊற்றிக்கொண்ட வெறும் தண்ணீர், தோள் துண்டிலும் சொட்டிக்கொண்டிருந்தது. எதைத் தொட்டுவிட்டு வந்தால் மனுசன் அப்படி முழுகுவான் என்று அவளுக்குத் தெரியாதா? அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், எட்டு நாளாக மாடம் வரைக்கும் கேட்ட அந்த மூச்சு இழுப்பு கேட்கவில்லை. கண்ணசந்தாக. சரி என்று திரும்பிவிட்டாள். இப்போதுதான் தெரிகிறதா? இல்லை. அப்போதே தெரியும். கதவடியில் நின்றபோதே தெரியும், பல்லக்கில் காலை வைத்தபோதே தெரியும், தெரிந்துகொண்டுதான் நெற்றிக் குங்குமத்தைக் கண்ணாடியில் சரிபார்த்துவிட்டு வந்தாள். பிரதானியைச் சொல்லி என்ன, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள அவளுக்கு நகராவும் வேண்டியிருந்தது, அது அடித்தும் முடித்துவிட்டது. "கெட்டி மேளம்!" என்றார் ஐயர். தாய்க்காரி பெண்ணின் பின்னலைத் தூக்கிப் பிடித்தாள். மெல்லிய கழுத்து, பிடரியில் வேர்வையில் ஒட்டிய பூனை மயிர். கைகள் தாமாக வேலை செய்தன. முதல் முடிச்சு. செத்தவனுக்குக் கட்டுகிறேன். இரண்டாவது முடிச்சு. தம்பி, நீ செத்ததற்கு இன்னும் ஒரு துளி கண்ணீர்கூட விடவில்லையடா, உனக்குப் பெண்டாட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவதை அவள் கட்டவில்லை. கட்டுகிற மாதிரி கயிற்றைச் சுற்றி, நுனியைச் செருகி, மஞ்சளால் ஒட்டிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் தெரியாது. மூன்றும் விழுந்தால்தான் தாலி. நாளைக்கோ, மறுநாளோ, இந்தத் தலையில் தண்ணீர் ஊற்றக் கூப்பிடும்போது, நிறுத்துங்கள் என்று சொல்வதற்கு அவளிடம் இப்போது ஒன்று இருந்தது. கலெக்டர் துரை முன்னால் என்றாலும் சரி, கட்டிய கை இது, நான் இரண்டுதான் கட்டினேன், இந்தப் பிள்ளை எவனுக்கும் பெண்டாட்டி இல்லை, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்வாள். பிரதானி அவளைத் தெருவில் விடுவார். விடட்டும். சன்னல் போகும், பலகை போகும். போகட்டும். இந்த வயசுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் கையால் ஒரு காரியம் செய்தது போல இருந்தது. அட்சதை தலையில் விழுந்தது, வாள் மேலும் விழுந்தது. குலவைச் சத்தத்தில், நகராவில், மேளத்தில், அவளுக்கு அழுகையாகவும் வந்தது, லேசாகவும் இருந்தது. பாவம்க்கா என்றாயே, பார்த்தாயா, உன் அக்காளும் ஒன்று செய்தாள்.

"மதினி" என்று ஒரு குரல். குனிந்த தலை நிமிராமல், உதடு மட்டும் அசைய, வேலாயி கூப்பிட்டாள். அந்தக் குரலை அவள் இப்போதுதான் கேட்கிறாள், கொஞ்சம் கரகரத்த, வயலில் கூப்பிட்டுப் பழகிய குரல். மேளத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. தெய்வநாயகி குனிந்தாள். "மூணாவது முடிச்சு எளகுது மதினி."

இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை, அப்படித்தான் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "அப்படியே..." என்று ஆரம்பித்தாள்.

"எளகுனா அவுகளுக்கு ஆகாதாம். எங்காத்தா சொல்லிச்சு. அவுகளுக்கு ஏதும் வந்துறப்படாது மதினி. கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க." பெண் தானே கையைப் பின்னால் கொண்டுபோய், செருகியிருந்த நுனியைத் தேடி எடுத்து, மண் கறுப்பு போகாத அந்த விரல்களால் அவளிடம் நீட்டினாள். ஈரக் கயிறு. தெய்வநாயகி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தாய்க்காரி திரும்பிப் பார்த்தாள், ஐயர் பார்த்தார், உடையணத் தேவர் சிரித்த முகத்தோடு பார்த்தார். கண்மாய்க்கு அப்பால் அவளுடைய சன்னல் சின்னக் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. யாரும் அவளை அதட்டவில்லை, யாரும் மிரட்டவில்லை. கயிற்றை வாங்கினாள். சுற்றி, நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நகம் வலிக்க இழுத்தாள். அது இனி அரிவாள் வைத்து அறுத்தால்தான் வரும். நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது, சீ என்றிருந்தது, போகவில்லை. அக்கரையில் நகரா இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

வேலாயி பின்கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "இப்பத்தேன் மதினி நெஞ்சு ஆறுச்சு" என்றாள்.